ஐந்தரை சென்டிமீட்டர் வரை

எங்கே ஒரு கட்டியைப் பார்த்தாலும் வெட்டி எடுத்துவிட வேண்டும் என்று கை துறுதுறுக்கும் வயது ஒன்று இருக்கிறது. அரசு மருத்துவக் கல்லூரியில் அறுவை சிகிச்சைப் பாடம் எடுத்த காலம் முழுக்க அந்த வயதுப் பிள்ளைகளோடுதான் இருந்தேன். அந்தத் துறுதுறுப்பை நான் குறை சொல்லமாட்டேன். அது இல்லாதவர் தியேட்டர் பக்கமே வரக் கூடாது. ஆனால் அதற்குக் கடிவாளம் போட்ட ஒரு நோயைப் பற்றி உங்களுக்குச் சொல்லியாக வேண்டும். டாக்டருக்குப் படிக்கிறவர்களுக்கு மட்டுமல்ல. வேலை, கல்யாணம், வீடு, கடன் என்று எதையும் இன்றைக்கே முடித்துவிடத் தவிக்கிற எல்லாப் பிள்ளைகளுக்கும்தான்.

இதயத்திலிருந்து புறப்படும் மகாதமனி நெஞ்சைக் கடந்து வயிற்றுக்குள் இறங்குகிறது. முதுகெலும்பை ஒட்டியபடி தொப்புள் மட்டம் வரை வந்து, அங்கே இரண்டாகப் பிரிந்து கால்களுக்குப் போகிறது. வயிற்றுப் பகுதியில் அதன் அகலம் சுமார் 2 சென்டிமீட்டர். வயது ஏற ஏறச் சிலருக்கு அதன் சுவர் நைந்து ஓரிடம் புடைக்க ஆரம்பிக்கும். 3 சென்டிமீட்டரைத் தொட்டுவிட்டால் அதற்கு அனியூரிசம் என்று பெயர். தமனி வீக்கம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பெரும்பாலும் வலிக்காது. பசியையும் தூக்கத்தையும் கெடுக்காது. அகலம் கூடக் கூடச் சுவரின் மேல் விழும் இழுவிசை கூடும். தாங்க முடியாத கட்டத்தில் வெடிக்கும். வெடித்தவர்களில் பெரும்பாலோர் பிழைப்பதில்லை. பலர் ஆஸ்பத்திரி வாசலையே பார்ப்பதில்லை.

பெண்களைவிட ஆண்களுக்குப் பல மடங்கு அதிகமாக வருகிறது. 65 வயதைத் தாண்டியவர்கள், புகைத்தவர்கள், கூடப் பிறந்தவர்களுக்கோ பெற்றவர்களுக்கோ இருந்தவர்கள், இவர்கள்தான் அதிகம் சிக்குகிறார்கள். சர்க்கரை நோயாளிகளுக்குக் குறைவாக வருகிறது என்பது ஒரு விசித்திரம். சர்க்கரையால் ஒரு லாபம் என்று சொல்ல எனக்குத் தெரிந்த ஒரே இடம் இதுதான்.

ஐன்ஸ்டைன் இந்த நோயால்தான் இறந்தார். 1948 டிசம்பரில் நியூயார்க்கின் புரூக்ளினில் ருடால்ஃப் நிசன் என்ற சர்ஜன் அவருடைய வயிற்றைத் திறந்து பார்த்தபோது உள்ளே பெரிய வீக்கம் இருந்தது. அன்றைக்கு அதை எடுத்துவிட்டு வேறொன்றை வைக்க வழியில்லை. வீக்கத்தின் மேல் செலோஃபேன் தாளைச் சுற்றிவிட்டார். அந்தத் தாள் உறுத்தி, சுற்றிலும் தழும்பு கட்டி, சுவர் கெட்டிப்படும் என்ற நம்பிக்கை. ஆறு வருடத்துக்கு மேல் ஓடியது. 1955 ஏப்ரலில் வீக்கம் கசியத் தொடங்கியதும் அறுவை சிகிச்சை செய்துகொள்ளச் சொன்னார்கள். அவர் வேண்டாம் என்றுவிட்டார். 18ஆம் தேதி, பிரின்ஸ்டனில், 76ஆம் வயதில் காலமானார்.

அவர் மறுத்த காலத்தில் புதிய அறுவை சிகிச்சை வந்துவிட்டிருந்தது. பாரிஸில் சார்ல் துபோஸ்ட் 1951 மார்ச்சில் வீங்கிய பகுதியை வெட்டி எடுத்து, இறந்த ஒருவரின் தமனியை அந்த இடத்தில் வைத்துத் தைத்திருந்தார். கொஞ்ச காலத்தில் துணிக்குழாய்கள் வந்தன. ஹூஸ்டனில் மைக்கேல் டிபேக்கி தன் மனைவியின் தையல் மிஷினில் டேக்ரான் துணியைக் குழாயாகத் தைத்த கதையை எங்கள் தலைமுறை மாணவர்கள் எல்லாரும் கேட்டிருக்கிறோம். அதன் பிறகு கேள்வி மாறிவிட்டது. செய்ய முடியுமா என்பது போய், எப்போது செய்வது என்று ஆனது.

7 சென்டிமீட்டர் வீக்கத்துக்கு யாரும் தயங்கமாட்டார்கள். சண்டை முழுவதும் 4 முதல் 5.5 வரை உள்ளவற்றைப் பற்றித்தான். "இன்றைக்குச் சின்னதாக இருக்கிறது, நோயாளியும் தெம்பாக இருக்கிறார். இப்போதே முடித்துவிட்டால் நிம்மதி" என்று ஒரு கட்சி. "வெடிக்காமலேகூடப் போகலாம். அதற்குள் மேஜையில் படுக்க வைத்துக் கொல்வானேன்" என்று இன்னொரு கட்சி. இரண்டு பக்கமும் பெரிய கைகள். இரண்டு பக்கமும் தன் அனுபவத்தைத்தான் ஆதாரமாகக் காட்டின.

இந்த இடத்தில் பிரிட்டிஷ் சர்ஜன்கள் செய்ததை நான் மிகவும் மதிக்கிறேன். "நமக்குத் தெரியாது" என்று ஒப்புக்கொண்டார்கள். 1991இல் தொடங்கிய சிறு வீக்க ஆய்வில் 60 முதல் 76 வயது வரையுள்ள 1,090 பேரைச் சேர்த்தார்கள். யாருக்கு உடனே ஆபரேஷன், யாருக்குக் கண்காணிப்பு என்பதை எந்த டாக்டரும் முடிவு செய்யவில்லை. குலுக்கல் முடிவு செய்தது. இது எவ்வளவு கஷ்டமான காரியம் என்று யோசித்துப் பாருங்கள். வெட்டுவதில் பெயரெடுத்த ஒருவர் தன் எதிரே உட்கார்ந்திருப்பவரிடம், "உங்கள் வயிற்றில் வெடிக்கக்கூடிய ஒன்று இருக்கிறது, குலுக்கலில் உங்களுக்கு ஸ்கேன்தான் விழுந்திருக்கிறது, போய்விட்டு ஆறு மாதம் கழித்து வாருங்கள்" என்று சொல்ல வேண்டும்.

முடிவு 1998இல் லான்செட் இதழில் வந்தது. கல்லூரி நூலகத்தில் அதைப் படித்தபோது சில எண்களைத் திரும்பத் திரும்பப் பார்த்தேன். உடனே ஆபரேஷன் செய்துகொண்டவர்களில் 100க்கு 6 பேர் அளவுக்கு 30 நாளுக்குள் இறந்திருந்தார்கள். ஆறு ஆண்டு முடிவில் இரண்டு தரப்பிலும் உயிரோடிருந்தவர்களின் விகிதம் ஏறக்குறைய ஒன்றுதான். முன்கூட்டி வெட்டியதால் யாருக்கும் கூடுதல் ஆயுள் கிடைக்கவில்லை.

"பிரிட்டனில் ஆபரேஷன் மரணம் அதிகம், அதனால்தான் இப்படி, கை இன்னும் சுத்தமாக இருந்தால் கணக்கு மாறும்" என்றார்கள் சிலர். நியாயமான கேள்விதான். அதற்குப் பதில் 2002இல் அமெரிக்காவிலிருந்து வந்தது. முன்னாள் ராணுவத்தினருக்கான மருத்துவமனைகளில் 1,136 பேரை வைத்து இதே கேள்வியைக் கேட்டிருந்தார்கள். அங்கே ஆபரேஷன் மரணம் பாதிக்கும் கீழே, 2.7 விழுக்காடு. அப்படியும் உடனே ஆபரேஷன் செய்துகொண்டவர்களுக்கு லாபம் இல்லை. கண்காணிப்பில் இருந்தவர்களுக்கு வெடித்தது ஆண்டுக்கு 0.6 விழுக்காடுதான்.

இதை மட்டும் கேட்டுவிட்டு, "அப்படியென்றால் சும்மா இருந்தால் போதும்" என்று எழுந்து போய்விடாதீர்கள். அந்தக் கண்காணிப்பு எப்படி நடந்தது என்பதில்தான் விஷயமே இருக்கிறது. பிரிட்டிஷ் ஆய்வில் 4 முதல் 4.9 வரை உள்ளவர்களுக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஸ்கேன். 5 ஆகிவிட்டால் மூன்று மாதத்துக்கு ஒருமுறை. 5.5ஐத் தாண்டினாலோ, ஒரே வருடத்தில் 1 சென்டிமீட்டருக்கு மேல் வளர்ந்தாலோ, தொட்டால் வலித்தாலோ ஆபரேஷன். இந்த விதிகளை முதல் நோயாளி வருவதற்கு முன்பே எழுதி வைத்துவிட்டார்கள். ஆய்வு முடிவதற்குள் காத்திருந்த தரப்பிலும் பாதிக்கு மேற்பட்டவர்கள் கத்தியைச் சந்தித்திருந்தார்கள். அவர்கள் ஆபரேஷனைத் தவிர்க்கவில்லை. வேளை வரும்வரை அளந்துகொண்டிருந்தார்கள்.

என்னிடம் யோசனை கேட்க வரும் பேரப்பிள்ளைகள் வயதுக்காரர்களிடம் நான் கேட்கும் முதல் கேள்வி இதிலிருந்து வந்ததுதான். வேலையை விடலாமா, கூட்டு வியாபாரத்திலிருந்து விலகலாமா, கசந்துபோன ஓர் உறவை இன்னும் இழுத்துக்கொண்டு போகலாமா என்று வருவார்கள். "பொறுத்துப் பார்க்கிறேன் தாத்தா" என்று சொன்னால், எதைப் பார்க்கப் போகிறாய், எந்தத் தேதியில் பார்க்கப் போகிறாய், எந்த அளவைத் தாண்டினால் எழுந்துவிடுவாய் என்று கேட்பேன். முகம் விழுந்துவிடும். அளவும் தேதியும் வைக்காத பொறுமை வெறும் தள்ளிப்போடல். அளவைக் கொந்தளிப்பு வருவதற்கு முன்னாலேயே வைத்துவிட வேண்டும். நெஞ்சு படபடக்கும்போது வைக்கிற அளவு நமக்குச் சாதகமாக வளையும்.

காத்திருப்பவருக்கு வலி இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். என்னோடு படித்து, இங்கிலாந்து போய், குடும்ப மருத்துவராக ஓய்வு பெற்ற நண்பன் ஒருவன் இருக்கிறான். அங்கே ஆண்களுக்கு 65 வயதாகும் ஆண்டில் வயிற்று ஸ்கேனுக்கு வரச்சொல்லிக் கடிதம் வரும். போனான். வயிற்றில் ஜெல் தடவிப் பத்து நிமிட வேலை. 4.2 என்று அங்கேயே சொல்லிவிட்டார்கள். அன்று இரவே எனக்குப் போன்.

"மெட்ராசுக்கு வந்தா யாராவது பண்ணிடுவாங்க இல்லடா?"

"பண்ணிடுவாங்க. அதான் பயம்."

வாழ்நாளெல்லாம் மற்றவர்களுக்குத் தைரியம் சொன்னவன், தும்மலை அடக்கிக்கொள்ள ஆரம்பித்தான். தோட்டத்தில் மண்வெட்டியைத் தொடவில்லை. பேத்தியைத் தூக்கவில்லை. ஸ்கேன் மையத்து நர்ஸ்தான் உட்கார வைத்துப் பேசினார்: நடங்கள், ரத்த அழுத்தத்தைக் கட்டுக்குள் வைத்திருங்கள், கொழுப்பைக் குறைக்கும் மாத்திரையை விடாதீர்கள், பேத்தியைத் தூக்குங்கள். அவன் மனைவி இன்னும் கெட்டிக்காரி. காலண்டரில் அடுத்த ஸ்கேன் தேதியைக் குறித்துவிட்டு, அந்த வாரம் வரும்வரை வீட்டில் யாரும் அந்தப் பேச்சை எடுக்கக் கூடாது என்று உத்தரவு போட்டுவிட்டாள். மெல்ல அடங்கினான். பிரிட்டனில் வீக்கம் 6 சென்டிமீட்டர் ஆனால் டிரைவிங் லைசென்ஸ் அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும், 6.5 ஆனால் கார் ஓட்டக் கூடாது. அதைத் தெரிந்துகொண்டபோது, "லைசென்ஸ் ஆபீஸ்காரன்கூட நம்பர் வெச்சிருக்கான்டா" என்று சிரித்தான். இப்போது அவனுக்கு 4.7. வருடத்துக்கு ஒன்றாக இருந்த ஸ்கேன் மூன்று மாதத்துக்கு ஒன்றாகியிருக்கிறது.

அவனுக்குக் கடிதம் வந்ததற்குப் பின்னால் இன்னொரு பெரிய ஆய்வு இருக்கிறது, அது காத்திருக்கக் கூடாத இடம் எது என்று காட்டியது. வலிக்காத நோய்க்காரன் டாக்டரைத் தேடி வரமாட்டான்; டாக்டர்தான் அவனைத் தேடிப் போக வேண்டும். போர்ட்ஸ்மவுத், சவுத்தாம்ப்டன், வின்செஸ்டர், ஆக்ஸ்ஃபோர்டு ஆகிய நான்கு இடங்களில் 65 முதல் 74 வயதுள்ள ஏறக்குறைய 67,800 ஆண்களை எடுத்துக்கொண்டார்கள். பாதிப் பேரை ஸ்கேனுக்கு அழைத்தார்கள். மீதிப் பேரை அழைக்கவில்லை. அழைத்தவர்களில் பத்தில் எட்டுப் பேர் வந்தார்கள். நான்கு ஆண்டுக் கணக்கில், அழைக்கப்படாத தரப்பில் இந்த நோயால் இறந்தவர்கள் 113 பேர்; அழைக்கப்பட்ட தரப்பில் 65 பேர். 2002இல் இது வெளியானது. 2009இல் இங்கிலாந்தில் திட்டம் தொடங்கி 2013க்குள் நாடு முழுவதும் பரவியது. ஸ்வீடனும் உப்சாலாவில் 2006இல் தொடங்கி நாடு முழுக்கக் கொண்டுபோனது.

113க்கும் 65க்கும் நடுவே உள்ள 48 பேரின் பெயர் யாருக்கும் தெரியாது என்பது எனக்கு மிகவும் பிடித்த விஷயம். "ஸ்கேன் இல்லையென்றால் நான் போயிருப்பேன்" என்று அவர்களில் ஒருவரும் உறுதியாகச் சொல்ல முடியாது. கும்பிட்டு நன்றி சொல்ல ஆள் இல்லாத வேலை. ஆபரேஷன் முடிந்து தியேட்டருக்கு வெளியே வந்தால் உறவுக்காரர்கள் காலில் விழுவார்கள். எண்ணிக்கையில் உயிர் காத்தவர் பஸ் பிடித்து வீட்டுக்குப் போவார். உங்களில் சிலருக்காவது அந்த இரண்டாவது வேலையில் ஆசை வரட்டும்.

பெண்களை ஏன் அழைக்கவில்லை என்று கேட்பீர்கள். அதற்கு முன்பே சிச்செஸ்டர் நகரில் ஆண், பெண் இருபாலரையும் வைத்துச் செய்த ஆய்வில் பெண்களுக்குப் பலன் தெரியவில்லை. நோயே அவர்களிடம் குறைவு. ஆனால் வந்துவிட்டால் சிறிய அளவிலேயே வெடிக்கிறது. அதனால் ஐரோப்பிய வழிகாட்டுதலில் பெண்களுக்கு 5 சென்டிமீட்டரிலேயே ஆபரேஷனை யோசிக்கலாம் என்கிறார்கள். ஆண்களை அளந்து செய்த கோலைப் பெண்கள் மேல் வைத்துப் பார்க்கும் வழக்கம் மருத்துவத்தில் நிறைய உண்டு. அது தனிக் கட்டுரைக்கான ஆத்திரம்.

ஆபரேஷன் முறையும் மாறியது. 1990 செப்டம்பரில் புவனோஸ் ஐரெஸில் ஹுவான் பரோடி, வயிற்றைத் திறக்காமல் தொடை இடுக்கில் உள்ள தமனி வழியாக மடித்த துணிக்குழாயை உள்ளே அனுப்பி, வீக்கத்துக்கு நடுவே விரித்து நிறுத்தினார். ரத்தம் குழாய்க்குள் ஓடும். வீங்கிய சுவர் மேல் அழுத்தம் விழாது. கார்கிவ் நகரில் நிக்கொலாய் வொலோதோஸ் 1987லேயே நெஞ்சுப் பகுதித் தமனியில் இப்படிச் செய்திருந்தார். சோவியத் எல்லைக்குள் நடந்ததால் மேற்கு நாடுகள் நெடுநாள் கவனிக்கவில்லை.

சிறு தழும்பு, சீக்கிரம் வீடு. பிரிட்டனில் 1999இல் தொடங்கிய ஆய்வில் 30 நாள் மரணம் திறந்த அறுவையில் 4.7 விழுக்காடு, குழாய் முறையில் 1.7 விழுக்காடு. மாநாடுகளில் கைதட்டல். அத்தோடு கணக்கை மூடியிருந்தால் கதை முடிந்திருக்கும். அவர்கள் மூடவில்லை. பதினைந்து ஆண்டு பின்தொடர்ந்தார்கள். சில ஆண்டுகளிலேயே இரண்டு தரப்பும் சமமாகிவிட்டன. எட்டு ஆண்டுக்குப் பிறகு குழாய் வைத்தவர்கள் பக்கம் மரணம் கூடியது. கசிவு, நழுவல், மீண்டும் வீங்கி வெடித்தல். 2016இல் இது வெளியானபோது குழாய் முறையில் ஊறிப்போனவர்களுக்குக் கசந்தது. 2018இல் இங்கிலாந்தில் சிகிச்சை வழிகாட்டுதல்களை வகுக்கும் நைஸ் அமைப்பு, திறந்த அறுவை தாங்கக்கூடியவர்களுக்குக் குழாய் முறை வேண்டாம் என்று ஒரு வரைவே போட்டது. எதிர்ப்பு கிளம்பி, 2020 இறுதி அறிக்கையில் கொஞ்சம் இளகியது. திறந்த அறுவை தாங்கவே முடியாத உடம்புக்காரர்களை வைத்து நடந்த துணை ஆய்வில், குழாய் வைத்ததால் அவர்களுடைய மொத்த ஆயுள் கூடவில்லை. வேறு நோய்கள் முந்திக்கொண்டன.

குழாய் முறை கெட்டது என்று நான் சொல்லவில்லை. 80 வயதுக்காரருக்கு அடுத்த சில ஆண்டுகள்தான் முக்கியம் என்றால் அது பெரிய வரம். 66 வயதில் திடமாக இருப்பவருக்குக் கணக்கு வேறு. உங்களுடைய காலம் 30 நாள் கணக்கைக் கொண்டாடுகிற காலம். சேர்ந்த வேலையின் முதல் மாதம், வாங்கிய பங்கின் முதல் மாதம், கல்யாணத்தின் முதல் மாதம் எல்லாம் 1.7 விழுக்காடு மாதிரிதான், பார்க்க அழகாக இருக்கும். எட்டாவது ஆண்டில் இதைப் பராமரிக்க யார் இருப்பார்கள் என்று கேட்கிறவரை நீங்கள் கிழம் என்பீர்கள். என்ன செய்வது, கிழம்தானே.

மாத்திரையால் வளர்ச்சியை நிறுத்த முடியுமா என்றும் பார்த்தார்கள். டாக்ஸிசைக்ளின் என்ற சாதாரண ஆன்டிபயாட்டிக் விலங்குகளில் நம்பிக்கை தந்தது; 2020இல் முடிவு வந்த அமெரிக்க ஆய்வில் மனிதர்களிடம் பலிக்கவில்லை. ப்ரோப்ரனலால் என்ற ரத்த அழுத்த மாத்திரையும் முன்பே தோற்றிருந்தது.

தோற்காத ஒன்று பெட்டிக்கடையில் நடந்தது. அந்த நான்கு நகர ஆய்வில் ஸ்கேன் செய்தவர்களில் 100க்கு ஏறக்குறைய 5 பேருக்கு வீக்கம் இருந்தது. இன்று இங்கிலாந்துத் திட்டத்தில் 65 வயது ஆண்களில் அது 100க்கு 1 பேரை ஒட்டி வந்துவிட்டது. வயது வரம்பு வேறு என்பதைக் கழித்தாலும் இறக்கம் பெரிது; முக்கியக் காரணம் ஆண்கள் சிகரெட்டை விட்டது. நோய் குறைந்துவிட்டால் ஸ்கேனின் லாபமும் சுருங்கும். 2018இல் ஸ்வீடன் புள்ளிவிவரத்தை ஆராய்ந்தவர்கள், 10,000 பேரை அழைத்தால் தவிர்க்கப்படும் மரணம் 2 அளவில்தான், ஆனால் வாழ்நாளில் தொல்லை தந்திருக்காத வீக்கத்தைத் தெரிந்துகொண்டு கவலையோடு வாழப்போகிறவர்கள் 49 பேர் என்று கணக்கிட்டார்கள். கண்டுபிடிப்பதே நன்மை என்று நம்பும் நமக்கு இது கசப்பு மருந்து. அமெரிக்க வழிகாட்டுதலோ 65 முதல் 75 வரை வயதுள்ள ஆண்களில் எப்போதாவது புகைத்தவர்களுக்கு ஒரே ஒரு ஸ்கேனைப் பரிந்துரைக்கிறது. வாழ்நாளில் 100 சிகரெட் பிடித்திருந்தாலே அவர்கள் கணக்கில் புகைத்தவர். புகையை விடாதவர்களின் வீக்கம் வேகமாக வளர்கிறது, வெடிக்கும் வாய்ப்பும் ஏறக்குறைய இரட்டிப்பு. 4 சென்டிமீட்டரில் அறுவை காத்திருக்கலாம். பீடியை விடுவது காத்திருக்கக் கூடாது.

நம் நாட்டில் 65 வயதானால் யாரும் கடிதம் போடப்போவதில்லை, அப்படி ஒரு தேசியத் திட்டம் இல்லை. ஆனால் நம் வீட்டுப் பெரியவர்களுக்குப் பித்தப்பைக் கல்லுக்கோ, புராஸ்டேட்டுக்கோ, வேறெதற்கோ வயிற்று ஸ்கேன் எடுக்காத வீடு குறைவு. அப்பாவுக்கோ தாத்தாவுக்கோ 65 தாண்டி, ஒரு காலத்தில் பீடி சிகரெட் பழக்கம் இருந்திருந்தால், அடுத்த முறை ஸ்கேனுக்கு அழைத்துப் போகும்போது மகாதமனியின் அகலத்தையும் அளந்து எழுதச் சொல்லுங்கள். அதே மெஷின், அதே ஜெல், கூடுதலாக ஓரிரு நிமிடம். வயிற்றில் வாயு நிறைய இருந்தால் சரியாகத் தெரியாது. வெறும் வயிற்றோடு போவது நல்லது. 3க்குக் கீழே என்றால் அந்தக் காகிதத்தைப் பத்திரமாக வைத்துவிட்டு மறந்துவிடலாம். 3க்கு மேலே என்றால் ரத்தநாள அறுவை நிபுணர் ஒருவரைப் பார்த்து, அடுத்த ஸ்கேன் எந்த மாதம் என்று எழுதி வாங்கிக்கொண்டு வாருங்கள். அவர் தேதி சொல்லாமல் "பார்க்கலாம்" என்று மட்டும் சொன்னால், நாற்காலியை விட்டு எழுந்திருக்காதீர்கள்.